கீச்சிடாத பிரேக்

ஞாயிறு, காலை ஏழு மணிக்குச் சற்று முன்.

புனேயின் வானவடியில் ராணுவக் குடியிருப்பை ஒட்டிய மூன்று மாடிக் கட்டடம். அதன் வாசல் கேட்டருகே தேவநேசன் இறந்து கிடந்தார். தன் சொந்தக் காருக்கும் இரும்புக் கேட்டுக்கும் நடுவில் நசுங்கியிருந்தார். கையில் கேட் பூட்டின் சாவி இருந்தது. காரின் எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வைப்பர்கூட நிற்கவில்லை.

அவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கார் அவருடைய இருபது வருடத் தோழன். ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போக அதை ஷெட்டிலிருந்து எடுத்துக் கேட்டை நோக்கி இறங்கும் சரிவுப் பாதையில் நிறுத்துவார். மழையில் அணைத்தால் மறுபடி கிளம்ப அடம்பிடிக்கும் என்று எஞ்சினை அணைக்க மாட்டார். நியூட்ரலில் விட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, காருக்கு முன்னால் நடந்துபோய்க் கேட்டைத் திறப்பார். வாட்ச்மேன் வைக்க வசதியில்லாத கட்டடம் அது. அன்றும் அப்படித்தான் போனார். கார் பின்னாலேயே வந்துவிட்டது.

பைபிள் பையோடு படியிறங்கி வந்த மனைவி மில்ட்ரெட்தான் முதலில் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் வைஷாலி வந்து பார்த்தபோது ஹேண்ட் பிரேக் முழுக்க மேலே இழுத்தபடி இருந்தது. அப்படியானால் பிரேக் பிடிக்கவில்லை. பின்சக்கரங்களுக்குப் புது பிரேக் ஷூ போட்டது போன செவ்வாய்க்கிழமைதான். போட்டவர் கசார்வாடி மெக்கானிக் அபுதாஹிர். நம்ம திருநெல்வேலிப் பக்கத்து ஆள் என்று தேவநேசன் நம்பி வண்டி கொடுக்கும் மேலப்பாளையத்துக்காரர். போலீஸ் கூட்டிவந்த வேறொரு மெக்கானிக் சக்கரத்தின் பிரேக் டிரம்மைக் கழற்றினான். உள்ளே ஷூ ஈரமாக இருந்தது. சிலிண்டர் ஒழுகி பிரேக் ஆயில் கொட்டியிருக்கிறது, ஒழுகும் சிலிண்டரை மாற்றாமல் ஷூவை மட்டும் மாட்டி அனுப்பிவிட்டான் என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டான்.

மத்தியானத்துக்குள் அபுதாஹிர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலத்துக்குள் அவர் படமும் கடைப் பலகையும் கசார்வாடி வாட்ஸ்அப் குரூப்கள் எல்லாவற்றிலும் சுற்றிவிட்டன. ஆளைக் கொன்ற மெக்கானிக் என்று தலைப்பு. குற்றப்பத்திரிகை எழுத மாதக்கணக்காகும் ஊரில் தீர்ப்பு எழுத ஒரு மாலைப்பொழுது போதும்.

திங்கள், காலை.

இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் கிளாரிசா. விபத்து வண்டிகளைப் பிரித்துப் பார்த்துக் காரணம் எழுதுவது அவள் தொழில். புனேயில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். தேவநேசனின் ஆலயம்தான் அவளுக்கும். அவள் கல்யாண கவுனைத் தைத்தது அவள் அம்மாவின் தோழியான மில்ட்ரெட். இந்த வேலை வேறு யாருக்காவது போயிருக்கலாமே என்று வண்டி ஓட்டிவரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டாள்.

ஸ்டேஷன் வாசலில் நனைந்துகொண்டு நின்ற அபுதாஹிரின் மனைவி ருக்ஷானா, கிளாரிசாவின் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். உள்ளே அபுதாஹிர் சொன்னது கொஞ்சம்தான்.

"ரெண்டு சிலிண்டரும் புதுசு போட்டேன் மேடம். இடது பக்கம் மட்டும் பிரேக் அடிச்சா கீச்சுனு கத்துச்சு. புது ஷூ, கொஞ்ச நாள் ஓடுனா படிஞ்சிரும்னு சொன்னேன். வெள்ளிக்கிழமை ஸார் போன் போட்டு ரொம்ப ஏசுனாங்க."

"அப்புறம் வண்டியைத் தொட்டீங்களா?"

"இல்ல மேடம். திங்கக்கிழமை கொண்டாங்கன்னு சொன்னேன். இன்னைக்குத்தான் அந்தத் திங்கக்கிழமை."

கார் ஸ்டேஷன் பின்கட்டில் மழையில் நின்றது. கிளாரிசா முதலில் எஞ்சின் மூடியைத் திறந்தாள். பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் கோடு வரைக்கும் இருந்தது. ஒழுகியிருந்தால் குறைந்திருக்க வேண்டும். பின்சக்கரங்களில் சிலிண்டர் ரப்பர்களைப் புரட்டிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் காய்ந்து கிடந்தன. ஷூவில் இருந்த ஈரத்தைப் பஞ்சில் தொட்டு, டீ கிளாஸ் தண்ணீரில் பிழிந்தாள். பிரேக் ஆயில் பெயரளவில்தான் ஆயில், தண்ணீரில் கலந்து கரைந்துவிடும். இது கரையவில்லை. மெல்லிய வட்டங்களாக மிதந்தது.

சக்கரத்துக்குப் பின்பக்கத் தகட்டில், ஷூ எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க ஒரு ஓட்டை உண்டு. ரப்பர் மூடி போட்டு அடைத்திருக்கும். எண்ணெய்க்கோடு அந்த ஓட்டையிலிருந்துதான் உள்ளே வழிந்திருந்தது. இரண்டு சக்கரத்திலும் அப்படியே. தகடு முழுக்கச் சேறும் கரியும் அப்பியிருக்க, மூடியைச் சுற்றி மட்டும் சுத்தமாகத் துடைத்திருந்தது. இடுக்கில் ஒரு வெள்ளை நூல்.

அவள் கண்டதைச் சொன்னாள். வைஷாலி கெட்டிக்காரி, ஆனால் அவசரக்காரி. அப்படியானால் இது கவனக்குறைவு இல்லை, யாரோ வேண்டுமென்றே எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள் என்றாள். ஓட்டை எங்கே என்று தெரிந்தவன் மெக்கானிக். ஏச்சு வாங்கிய கோபமும் அவனுக்கு இருக்கிறது. இனி இது கொலை வழக்கு என்று இந்தியில் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

காப்பாற்ற வந்தவளே கழுத்தில் கயிற்றை இறுக்கிவிட்டாள். வாசலில் நின்ற ருக்ஷானாவின் முகத்தைப் பார்க்கும் துணிச்சல் கிளாரிசாவுக்கு இல்லை. பக்கவாட்டு வழியாக வெளியேறினாள்.

திங்கள், பிற்பகல்.

கிளாரிசா தேவநேசன் கட்டடத்துக் கேட்டைத் தள்ளினாள். அது சத்தமில்லாமல் திறந்தது. சரிவின் சாய்வை அளந்து குறித்துக்கொண்டு படியேறினாள். மாடிவீட்டு பிரணவ் எதிரே இறங்கிவந்தான். ஹிஞ்ஜவடி ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவன், இரவு ஷிப்ட். அந்தக் கார் பிரேக் அடிக்கும்போதெல்லாம் தன் தூக்கம் போனதாகவும், கட்டடத்து வாட்ஸ்அப் குரூப்பில் தானே இரண்டு முறை புகார் எழுதியதாகவும் இந்தியில் சொன்னான். சொல்லும்போது அவனுக்கே குரல் இறங்கியது. ஞாயிறு காலையில் அவனை எழுப்பியது பிரேக் இல்லை, ஆன்ட்டியின் அலறல்தானாம்.

மில்ட்ரெட் வீட்டில் துக்கத்துக்கு வந்தவர்கள் போயிருந்தார்கள். புனே மழையில் எல்லார் வீட்டுக் கதவும் ஊதிப்போய் முனகும். இந்த வீட்டுக் கதவு முனகவில்லை. மின்விசிறி சத்தமின்றிச் சுற்றியது. மூலையில் தையல் மெஷின் மேல் பாடகர் குழுவின் வெள்ளை அங்கி பாதி தைத்தபடி கிடந்தது. பால்கனிக் கொடியில் வேறு துணியே இல்லை. முழங்கால்படியிட்டு ஜெபிக்க மில்ட்ரெட் போட்டுக்கொள்ளும் சின்ன மெத்தை மட்டும், துவைத்துப் போட்டது, சாரலில் நனைந்துகொண்டிருந்தது.

மில்ட்ரெட் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த அபுதாஹிரை விட்டுராதம்மா. நம்ம ஊர்க்காரன்னு நம்பித்தான குடுத்தாங்க. அவனைச் சும்மா விட்டா இவங்க ஆத்துமா ஆறாது."

கிளாரிசா பால்கனிக்குப் போய் வைஷாலிக்கு போன் செய்தாள். ஒரு தடவை வந்துவிட்டுப் போகச் சொன்னாள்.

திங்கள், மாலை.

மூவரும் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். கிளாரிசா முதலில் இந்தியில் வைஷாலிக்கு விளக்கினாள். கொல்ல நினைப்பவன் எண்ணெயை ஊற்றிவிட்டு ஓடுவான். சிந்தியதைத் துணியால் துடைத்துவிட்டுப் போகமாட்டான். மெக்கானிக்குக்கும் அந்தப் பழக்கம் கிடையாது, அவர் சட்டையே கரியாக இருக்கும். எண்ணெய் விட்டபின் மிச்சத்தை ஒற்றித் துடைப்பது தையல்காரர்களின் கை. துடைக்காவிட்டால் அடுத்து வைக்கும் துணி கறையாகிவிடும். எண்ணெயும் தையல் மெஷின் எண்ணெய்தான், சந்தேகமிருந்தால் சோதனைக்கு அனுப்பலாம். ஞாயிறு காலை அந்த பிரேக் கத்தவில்லை. கத்தியிருந்தால் பிரணவ் அதற்கே விழித்திருப்பான். சத்தம் தாங்காமல் யாரோ அதை நிறுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வைஷாலியின் பார்வை மெதுவாக மெஷின் பக்கம் போயிற்று.

பிறகு கிளாரிசா தமிழில் கேட்டாள். "ஆன்ட்டி, அந்த மெத்தையை ஏன் துவைச்சீங்க?"

மில்ட்ரெட்டுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. சாதாரணமாகத்தான் பதில் சொன்னார்.

"சனிக்கிழமை சேறாயிட்டுல்லா. முட்டிவலி, வெறுந்தரையில மண்டிபோட முடியல. அதான் அதைப் போட்டு உக்காந்து வண்டிக்கு..."

அங்கே நின்றுவிட்டார். வாய் திறந்தபடி இருந்தது. கிளாரிசா தலை குனிந்தாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் என்று சொல்லவும் நாக்கு எழவில்லை.

மில்ட்ரெட் அழவில்லை. "யார்கிட்டயும் ஒரு பேச்சு வாங்காத மனுசன். அந்தப் பையன் குரூப்புல போட்டதைப் பாத்துட்டு வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிடவே இல்ல. வண்டியை வித்துரலாம்னாங்க. எண்ணெய் விட்டா எது கத்தும்? என் மெஷின் கத்துதா, கதவு கத்துதா? அந்த ஓட்டையில டார்ச் அடிச்சு ஷூ பாக்கும்போதெல்லாம் நான்தான டார்ச் பிடிப்பேன். அவங்க தூங்கும்போது போய் விட்டேன். ஞாயித்துக்கிழமை சத்தம் வராதப்போ சொல்லிச் சிரிக்கலாம்னு இருந்தேன்."

பிரேக் பிடிப்பதே உரசலால்தான். எண்ணெய் பட்ட ஷூ பிடித்ததுபோல் இருந்து மெல்ல வழுக்கும். கால் பிரேக் முன்சக்கரங்களைப் பிடித்ததால் சரிவு வரைக்கும் தேவநேசனுக்குத் தெரியவில்லை. இறங்கிய பின் வண்டியைப் பிடிக்க ஹேண்ட் பிரேக் மட்டுமே இருந்தது. அது பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். இதை யாரும் மில்ட்ரெட்டுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

வைஷாலி தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் பேசினாள். அபுதாஹிரை அனுப்பிவிடச் சொன்னாள். கிளாரிசாவின் போனில் ருக்ஷானாவின் செய்தி வந்திருந்தது. கடையை வாடகைக்கு விட்டவர் இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டாராம், போலீஸ் பூட்டுக்கு மேல் அவர் பூட்டும் தொங்குகிறதாம். விடுதலையான செய்தியை எந்த குரூப்பில் போட்டு யார் படிக்கப்போகிறார்கள்?

கிளாரிசா எழுந்தபோது மில்ட்ரெட் அவள் சேலை முனையைப் பிடித்து நிறுத்தினார்.

"இடது பக்கம்தான் கத்துச்சு. அதுவும் ஆரம்பிச்சிரக் கூடாதேன்னு வலதுக்கும் நான்தான் விட்டேன். ஒண்ணுக்கு மட்டும் விட்டிருந்தா வண்டி நின்னிருக்குமா கிளாரிசா?"

என்ன கேட்கிறார் என்று வைஷாலி இந்தியில் விசாரித்தாள். வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்றாள் கிளாரிசா. சரிவின் அளவு அவள் பையில் இருந்தது. மத்தியானமே கணக்குப் போட்டுப் பார்த்திருந்தாள். ஒரு சக்கரம் பிடித்திருந்தாலே போதும்.

"நின்னிருக்காது ஆன்ட்டி."

மில்ட்ரெட் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு பிடித்திருந்த சேலை முனையை விட்டார்.

"பொய் சொல்லும்போது உங்க அம்மாவும் இப்படித்தான் தரையைப் பாப்பா," என்றார்.