தகட்டில் பூத்த கை

உலகத்தோரே, கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து நில்லுங்கள். மனித குலத்தின் சரித்திரம் திசைமாறிய நாள் இது. நெய்வேலிக்குப் பக்கத்தில், வடக்குத்து சாலையில், ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியின் கொட்டகையில், காலை மழையில், ஒரு பெண் வழுக்கினாள்.

விழவில்லை. எதிரே நின்ற இரும்புத் தகட்டில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"கைய எடுங்க!"

கதாநாயகனின் முதல் சொல்... கொஞ்சம் இனிமையாக இருந்திருக்கலாம். முகத்தை வர்ணிக்கலாமென்றால் அதுவும் இல்லை. தோள்வரை மூடிய ஹெல்மெட். அதன் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்கள்... மழை மேகமாய்க் கறுத்து, அடுப்பாய் எரிந்துகொண்டு. பெயர் குமரவேல். காற்றழுத்தத்தில் கிரிட் பொடியைப் பீய்ச்சி, துருவை உரித்து, இரும்பை வெளுக்க வைக்கிற பிளாஸ்டிங் வேலை. வெளுத்த இரும்பு பச்சைக் குழந்தை. பெயின்ட் ஏறும்வரை வெறுங்கை படக் கூடாது. வியர்வை பட்ட இடம் துருப்பிடிக்கும்.

"விடிஞ்சதுலேர்ந்து அடிச்சிகினு கெடக்கறேன். கிளவுஸ் இல்லாம தொடறீங்களே, வெவரம் தெரியாதுங்களா?"

"எனக்கா? நான் இங்க தரம் பாக்க வந்த புது இன்ஸ்பெக்டர், செந்தாமரை. எனக்கே பாடம் எடுக்கறீங்களா?"

"இன்ஸ்பெக்டரு கையில வேர்வ வராதுங்களா?"

அறையலாம்போல் இருந்தது அவளுக்கு. வழுக்கிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்... ஆனால் நெய்வேலி நகரியத்தில் பர்மனென்ட் ஊழியர் வீட்டுப் பெண்ணாய் வளர்ந்து, இன்ஜினியரிங் முடித்து, முதல் நாள் வேலைக்கு வந்தவள் தவறை ஒப்புக்கொள்வதா? விறைப்பாய்த் திரும்பி நடந்தாள். என்ன திமிர்... என்ன கண்... சீ!

மழை விடவில்லை. அந்த ஈரத்தில் பெயின்ட் அடிக்க முடியவில்லை. மதியம் பார்த்தால், தகட்டின் நடுவே ஐந்து விரலோடு ஒரு கை, செங்கல் நிறத்தில் பூத்திருந்தது.

மேனேஜர் சிவசங்கர் எல்லோரையும் கூட்டினார். கொட்டகைக்குள்ளும் தனக்கு மட்டும் குடை பிடித்துக்கொண்டு உரையாற்றினார்.

"தரம் என்பது நம் தாய்! தாயின் முகத்தில் கை வைத்தவன் எவன்? அவன் கேட் பாஸ் இன்னிக்கே கிழியும். எல்லாரும் வரிசையா வந்து கைய காட்டுங்க... தொடாம!"

ஜோசியரிடம் வந்தவர்கள்போல் ஆளாளுக்குக் கை நீட்டினார்கள்.

"என் கையில இதுமாரி ரெண்டு அடங்கும் சார்," என்றார் பெரியவர் பெரியண்ணன். "பொம்பள கையாட்டம் இருக்குதுங்களே..."

அங்கே இருந்த ஒரே பெண் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"என் கைதான் சார்," என்றான் குமரவேல்.

முறம்போன்ற கை. ஆனால் குற்றவாளி கிடைத்துவிட்டால் மேனேஜர்களுக்கு அளவு முக்கியமில்லை. "பாஸைக் குடு!"

செந்தாமரைக்கு ரத்தம் கொதித்தது. மேனேஜர் மேல் அல்ல.

"உங்கள யாரு கேட்டா? எனக்காகப் பொய் சொல்ல நீங்க யாரு?"

"மொத நாளே ஒங்க பேரு கெட வேணாம்னுதாங்க..."

"காலையில அந்தக் கத்து கத்துனீங்களே, அப்ப எங்க போச்சு அக்கறை?"

"அப்பவும் அக்கறதாங்க... தகடு மேல."

"இப்ப?"

ஹெல்மெட் இல்லாத காதுகள் சிவந்தன. "ஒங்கள பாத்ததுலேர்ந்து... கிரிட்டு எங்க அடிக்கறேன்னே தெரியலிங்க."

"அத காலையிலேயே சொல்றதுக்கென்ன? எனக்கும் அந்தக் கண்ணத் தவிர வேற எதுவும்..." பாதியில் நிறுத்தினாள். கோபம் மட்டும் நிற்கவில்லை. மேனேஜர் பக்கம் திரும்பினாள். "அது என் கை சார். பாருங்க!"

துருவின் மேல் கையைப் பதித்தாள். விரலுக்கு விரல் பொருந்தியது. கை வியர்த்தது... அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் எடுக்கவே இல்லை.

இன்ஸ்பெக்டரின் பாஸைக் கிழிக்கும் அதிகாரம் மேனேஜருக்குக் கிடையாது. தாயைப் பற்றிய உரை அதோடு முடிந்தது. வெளியே மழை, உள்ளே இரண்டு ஜோடிக் கண்கள், காலம் நின்றேவிட்டது...

முழுத் தகட்டையும் குமரவேல் முதலிலிருந்து மறுபடி பிளாஸ்ட் செய்தான்.