அம்மாளின் அரிசியில் ஏறிய புள்ளிகள்

"அம்மாளாச்சிக்கு வாங்கின அரிசியிலையுமோ மச்சாள்...? அதிலையும் பொயின்ற்ஸ் எடுத்தனீங்களோ?"

குசினி வாசலில் நின்று சிவரூபி கேட்ட கேள்வியில், அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை அம்பிகை கவனிக்கவில்லை. கணவனின் தங்கையான சிவரூபியின் கையில், முதல்நாள் தபாலில் வந்த வங்கிக் கடிதம் பிரிந்து கிடந்தது. என் பெயருக்கு வந்த கடிதத்தை நீர் ஏன் பிரித்தனீர் என்று கேட்க, அந்த வீட்டில் அம்பிகைக்கு வாய் ஏது!

மடத்துவெளி என்ற அந்தத் தீவு ஊரில், தன் சம்பளத்தில் அந்தக் குடும்பத்தை இழுத்துப் பறித்து நடத்தி வந்தவள் அவள்தான். கணவன் தேனுஜன் குருநாகல் கடையோடு கிடந்தான், மாதத்துக்கு ஒருமுறை முகம் காட்டுவான். மாமி சறோஜினிதேவிக்கும் சிவரூபிக்கும் உப்பு முதல் மருந்து வரை, யாழ்ப்பாணத்தில் வேலை பார்க்கும் அம்பிகைதான் வாங்கி வருவாள். நயினாதீவு அம்மன் திருவிழாவில் ஒருநாள் அன்னதானம் அவர்களுடையது. வெளிநாட்டுச் சொந்தங்கள் பங்குக் காசு அனுப்புவார்கள். அம்பிகை தன் கடனட்டையில் அரிசி பருப்பெல்லாம் வாங்கி, வந்த காசை அப்படியே வங்கியில் கட்டிவிடுவாள். நூறு ரூபாய்ச் செலவுக்கு ஒரு பரிசுப் புள்ளி என்று வங்கி கொடுப்பது ஆறு வருடமாக அவள் பெயரில் ஏறிக்கொண்டிருந்தது.

"ஓம், எடுத்தனான்" என்றாள் அம்பிகை மெதுவாக.

"கேட்டீங்களே அம்மா...! தன்ர வாயாலையே சொல்லுறா! சனத்துக்குப் போடுற சோத்தில லாபம் பாத்திருக்கிறா! கையில கிடந்த காப்பு எங்க போனது எண்டு இப்பதானே விளங்குது. கிரெடிட் காட்டிலை வாங்கித் தள்ளிப்போட்டு, கடன் கட்ட வித்திருப்பா!"

கதிரையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாமி நிமிரவில்லை. ஒரு வார்த்தை ஏசியிருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும். அடுத்த வெங்காயத்தை எடுத்தபடிதான் சொன்னாள்.

"இந்த வருசம் அம்மாளின்ர சாமான் வாங்கிறதை சிவரூபியிட்டை விடும் பிள்ளை."

களவெடுத்தவள் என்று இதைவிட எப்படிச் சொல்வது! போனை மேசையில் வைத்துவிட்டு அம்பிகை கிணற்றடிக்குப் போனாள். காலைக் காற்றில் பனையோலைகள் மெல்ல உரசிக்கொண்டிருந்தன. கண்ணை மூடினால் அவளுக்குக் கடலுக்குக் குறுக்கே போட்ட அந்தத் தாம்போதி வீதிதான் வரும். ஒவ்வொரு நாளும் பஸ் அதில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல் அசையாமல் வெளிறிக் கிடக்கும். பஸ் மிதந்து போவதுபோல இருக்கும். அப்போது போனைத் திறந்து புள்ளிகளைப் பார்ப்பாள். எங்கோ ஒரு அகதி முகாமில் சின்னக் கதவு ஒன்று திறக்கும்... நரைத்த தலையொன்று எட்டிப் பார்க்கும்... மாமியின் தங்கை இலட்சுமிப்பிள்ளை! தொண்ணூறாம் ஆண்டு வள்ளமேறித் தமிழ்நாட்டுக்குப் போனவள், இன்னும் திருச்சிப் பக்கம் முகாமில்தான் இருக்கிறாள். அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்து அழுவதை அம்பிகை எத்தனை காலை அந்தக் கடலுக்கு மேல் பார்த்திருப்பாள்! கொண்டக்டர் காசு கேட்கும்போதுதான் கனவு கலையும்.

உள்ளே போன் அடித்தது. சிவரூபிதான் எடுத்தாள், எல்லோருக்கும் கேட்கவேண்டும் என்று சத்தத்தையும் கூட்டினாள்.

"அம்பிகை அக்காவே? நான் ரிக்கற் போடுற கீர்த்திகன். விசா வந்திட்டுது. பொயின்ற்ஸ் முழுக்கக் கழிச்சு பிளேன் ரிக்கற்றும் போட்டாச்சு. சறோஜினிதேவி அம்மா, பலாலியில இருந்து திருச்சி, போக வர. இனி அம்மாவுக்குச் சொல்லலாம் அக்கா."

வெங்காயக் கத்தி மாமியின் கையிலிருந்து விழுந்தது.

"அம்பிகை...! இஞ்சை வாரும்... இதென்ன பிள்ளை இது?"

"அலுமாரியில இருந்த உங்கட பாஸ்போட்டைக் கேளாமல் எடுத்தனான் மாமி. அதுக்கு மன்னிக்க வேணும்..." கிணற்றடியிலிருந்து ஓடிவந்த அம்பிகை வாசலிலேயே நின்று சொன்னாள்.

சிவரூபியின் முகம் செத்துப்போயிருந்தது. "அப்ப... காப்பு?"

"போன வருசம் லண்டன் பெரியப்பாவின்ர பங்கு வரவேயில்லை. அரிசியெல்லாம் காட்டிலை வாங்கியாச்சு. ஒருநாள் பிந்தினாலும் வட்டி தின்னத் தொடங்கும். கட்டாமல் விட்டால் ஆறு வருசம் சேத்த பொயின்ற்ஸையும் வங்கி அழிச்சிருக்கும். காப்பை அடைவுகடையில வைச்சுக் கட்டினனான்."

"அப்ப இதில லாபம் எங்க மச்சாள்?"

"லாபமில்லைத்தான் சிவரூபி! எனக்குத் தெரியாதே? காப்பை விட்டு, கட்டுற திகதியை நினைச்சு நித்திரையை விட்டு... இனி அந்தக் காட்டை நிப்பாட்டத்தான் போறன். ஆனால் காசாய்ச் சேத்திருந்தால் இந்த வீட்டில நிண்டிருக்குமே? கூரை ஒழுகினால் கேப்பினம், கடைக்கு முதல் இல்லையெண்டு உங்கட அண்ணை கேப்பார். எனக்கும் இல்லையெண்டு சொல்லத் தெரியாது. இதை மட்டும்தான் ஒருத்தராலும் கைமாத்துக் கேக்க ஏலாமல் இருந்தது..."

மாமி எழும்பி வந்தாள். வெங்காயம் மணத்த இரண்டு கையாலும் மருமகளின் வெறுங்கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினாள். "உம்மைப் போய்... உம்மைப் போய் நான்..." என்று குழறியவளை அம்பிகை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சிவரூபி அந்தக் கடிதத்தை மடிப்பதும் விரிப்பதுமாக நின்றாள், பிறகு அவளும் வந்து அம்பிகையின் தோளில் முகம் புதைத்து விம்மினாள்.

கொஞ்சம் ஆறியதும் மாமி போனை வாங்கினாள். முகாமுக்கு மணி போனது.

"இலட்சுமி... நான் வாறனடி! உன்னட்டை வாறன்...!"

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. பிறகு அழுகை. பிறகு, "ஆரக்கா உன்னை அனுப்புறது?" என்று நடுங்கிய குரல் கேட்டது.

மாமி இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ர மூத்த மகள்" என்றாள்.