இடது பின் சக்கரம்

"அய்யய்யோ...!"

மாரியம்மாளின் அலறல் தெருவின் இரண்டு முனைக்கும் கேட்டது.

பழைய அம்பாசிடர் காரின் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. மெட்டி போட்ட கால்கள். பக்கத்து மண்ணில் கறுப்பாக ஏதோ வழிந்து பரவிக்கொண்டிருந்தது.

கால்கள் அசையவில்லை!

"யாராவது ஓடியாங்களேன்! ரெஜினா காருக்கு அடியில மாட்டிக்கிச்சு!"

கால்கள் அசைந்தன.

"அக்கா... கத்தாதீங்க! ஆயில் மூஞ்சில கொட்டிடுச்சு. வாயத் தொறந்தா உள்ள போயிடும்னு கம்முனு கெடந்தேன்!"

வீட்டுக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டே வந்தான் காஸ்பர். ரெஜினாவின் கணவன்.

"என் பொண்டாட்டி ஆயில் மாத்தக் கத்துக்கறாக்கா! இனிமே இந்த வண்டில எந்த வேலையா இருந்தாலும் அவளேதான். எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க!"

தெரு சிரித்தது. ரெஜினாவும் சிரித்தாள்.

விருத்தாசலம். 2003, பிப்ரவரி.

செராமிக் எஸ்டேட்டில் ரெஜினாவுக்கு ஒரு சின்ன பொம்மைக் கம்பெனி. அப்பா விட்டுப்போனது. காரும் அவருடையதுதான்; ஓட்டக் கற்றுத் தந்தவரும் அவர்தான். இடத்தை விற்றுவிட்டு ஊரைவிட்டே போகலாம் என்று காஸ்பர் நச்சரித்தான். பதினோரு பெண்கள் அங்கே வேலை செய்கிறார்கள். அவர்கள் எங்கே போவார்கள்? ரெஜினா கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள்.

இரண்டு மாதம் அவன் அவளிடம் பேசவே இல்லை.

பிறகு ஒரு நாள் காலை, கையில் ஸ்பேனருடன் வந்து நின்றான்.

"ரெஜினா... கார் வேல கத்துத் தரட்டுமா?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சமாதானம் பேச வந்திருக்கிறான் என்று நினைத்தாள்.

தினமும் ஒரு மணி நேரம் பாடம். வாசலில். தெரு பார்க்க.

"கியர் பாக்ஸ் ஆயில் மாத்தணும்னா, மொதல்ல ஊத்துற மூடியத் தொறக்கணும். அப்பறம்தான் கீழ டிரெயின் பிளக்கக் கழட்டணும். ஏன் சொல்லு?"

"ஏங்க?"

"கீழ எல்லாத்தையும் கொட்டிட்ட. மேல மூடி துருப்புடிச்சு தொறக்கவே இல்ல. புது ஆயில எங்க ஊத்துவ?"

"அட ஆமா!"

இன்ஜின் ஆயிலை இறக்கச் சொன்னால், ஒரு நாள் கியர் பாக்ஸ் ஆயிலை இறக்கிவிட்டாள். மல்லாந்து படுத்ததில் எந்தப் பக்கம் முறுக்குவது என்று தெரியாமல் இன்னொரு நாள் பிளக்கை இன்னும் இறுக்கினாள். காஸ்பர் திட்டவே இல்லை. துணியால் அவள் நெற்றியில் இருந்த கறையைத் துடைத்துவிட்டான்.

பன்னிரண்டு வருடக் கல்யாணத்தில் இப்படித் துடைத்ததே இல்லை!

பதினாலாம் நாள் பிரேக்.

"சக்கரத்துக்கு உள்பக்கம் நட்டு மாதிரி சின்னதா ஒரு நிப்பிள் இருக்குது பாரு. அது லூசா இருந்தா பிரேக் ஆயில் பூரா வெளிய போயிடும். மிதிச்சா பெடல் தரைக்குப் போகும்."

"அப்பறம்?"

"அப்பறம் ஒண்ணுமில்ல."

அமைதியாகச் சொன்னான். நாலு சக்கரத்து நிப்பிளையும் அவளையே கழட்டி முறுக்கவைத்தான்.

மறுநாள் சனிக்கிழமை. காலை எட்டு மணி.

"ரெஜினா, வேப்பூர்ல ஒரு பார்ட்டி பஸ்ஸுல வந்து எறங்குறாரு. சாம்பிள் பொம்மைங்கள காட்டிட்டு வந்துடு. ஹைவேல நல்லா அழுத்திப் போ, லேட்டாயிடும்."

"சரிங்க."

சாவியோடு ஷெட்டுக்குப் போனவள், கற்ற பழக்கத்தில் குனிந்து காருக்கு அடியில் பார்த்தாள்.

இடது பின் சக்கரம். உள்பக்கம் ஈரம்!

விரலால் தொட்டு முகர்ந்தாள். பிரேக் ஆயில்!

'நான்தான் சரியா முறுக்கல போல...' வெட்கமாக இருந்தது. ஸ்பேனரோடு படுத்து உள்ளே நகர்ந்தாள்.

நிப்பிளில் ஸ்பேனர் போடப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள்.

பொம்மைக்குக் கண் எழுதும் நீல வர்ணத்தால், தான் இறுக்கிய ஒவ்வொரு நட்டுக்கும் குறுக்கே மெல்லிய கோடு போட்டு வைத்திருந்தாள் ரெஜினா. நட்டு திரும்பினால் கோடு உடையும். யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று சக்கரங்களில் கோடு நேராக இருந்தது.

நாலாவதில்... உடைந்திருந்தது!

தானாகக் கழன்றதா? இல்லை. நிப்பிளின் பட்டையில் பளபளவென்று புதுக் கீறல். யாரோ ஸ்பேனர் போட்டிருக்கிறார்கள். கார் ஷெட்டின் சாவி இரண்டே பேரிடம்தான்.

நிப்பிளை இறுக்கினாள். ஆயில் ஊற்றினாள். பெடலைப் பத்துத் தடவை மிதித்தாள். கல் மாதிரி நின்றது. பிறகு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"என்னங்க... நீங்களும் வாங்களேன்."

"கம்பெனில சூளை எரியுதே! யாரு பாக்கறது?"

"அத நான் பாத்துக்கறேன். நீங்க ஓட்டிட்டுப் போங்க."

"எனக்கு முதுகு வலிக்குது."

"ஜங்ஷன் வரைக்குமாவது கூட வாங்க. பொடி நடையா திரும்பிடலாம்."

"வேணாம்னு சொல்றேன்ல!"

கத்திவிட்டான். பதினைந்து நாளில் முதல் கத்தல்!

ரெஜினா ஷெட்டுக்குத் திரும்பினாள். காரை எடுத்தாள்.

வேப்பூருக்குப் போகவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள்.

இன்ஸ்பெக்டர் கோதண்டபாணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஏம்மா, ஒரு நீலக் கோட்ட வெச்சு கோர்ட்டுல என்னம்மா பண்றது? நீங்களே வேல செஞ்சீங்கன்னு உங்க தெருவே சாட்சி சொல்லுமே!"

அந்த நொடியில்தான் ரெஜினாவுக்கு எல்லாம் விளங்கியது.

பாடம் அவளுக்கு இல்லை. தெருவுக்கு!

நெற்றியைத் துடைத்த அந்தத் துணிகூட...

நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அழுகை வரவில்லை.

"சார்... விபத்துன்னு மட்டும் அவருக்கு ஒரு போன் பண்ணுங்க. வேற எதுவும் சொல்லாதீங்க. என்ன பண்றாருன்னு ஒடனே போய்ப் பாப்போம். ஒருவேளை... எனக்காக நெசமாவே துடிச்சாருன்னா, நான் பேசாம வூட்டுக்குப் போயிடறேன்."

கோதண்டபாணி வீட்டு நம்பரைக் கேட்டுக்கொண்டார். பிறகு ரிசீவரை எடுத்தார்.

ட்ரிங்... ட்ரிங்...!

போனை வைத்த காஸ்பர் தலையில் அடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தான்.

"போச்சே! என் ரெஜினா போச்சே!"

தெரு கூடியது. மாரியம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னா தம்பி ஆச்சு? போன்ல என்னா சொன்னாங்க?"

"கார் விபத்துன்னு சொன்னாங்கக்கா... அவ்ளோதான் சொன்னாங்க. வெச்சிட்டாங்க!"

"உசுரு இருக்குதா?"

"எங்கக்கா இருக்கும்! படிச்சுப் படிச்சு சொன்னேன், பிரேக்க மட்டும் நல்லா இறுக்குன்னு. கேட்டாளா? நீங்க எல்லாரும்தான பாத்தீங்க! இடது பின் சக்கரத்து நிப்பிள முறுக்காம வுட்டுட்டா!"

மாரியம்மாளின் அழுகை பாதியில் நின்றது.

"ஏன் தம்பி... வெபத்துன்னு மட்டும்தான சொன்னாங்க?"

"ஆமாக்கா."

"அப்பறம் எந்தச் சக்கரம்னு ஒனக்கு யாரு சொன்னா?"



பாம்... பாம்...!

தெருமுனையில் அம்பாசிடர் திரும்பியது. வேகமாக வந்தது. காஸ்பரின் கால் கட்டைவிரலுக்கு ஒரு சாண் முன்னால்... கிறீச்சென்று நின்றது!

ஸ்டியரிங்கில் ரெஜினா. பக்கத்தில் காக்கிச் சட்டை!

"சார்... அவரு என்னா சொன்னாருன்னு கேளுங்க!" மாரியம்மாள் விரலை நீட்டினாள். "தெருவே கேட்டுச்சு சார்! எந்தக் கோர்ட்டுக்கு வேணும்னாலும் வரேன்!"

காஸ்பர் சேர்த்துவைத்த சாட்சிகள் எல்லாரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள்.

ரெஜினா இறங்கி அவன் முன்னால் வந்து நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தப் பதினாலு நாள்ல... ஒரு நாளாவது எனக்காகச் சொல்லிக் குடுத்தீங்களா?"

காஸ்பர் தரையைப் பார்த்தான்.

அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். இந்த முறை அவளேதான் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கோதண்டபாணி காரின் பின் கதவைத் திறந்தார்.

"ம்... ஏறுய்யா, ஸ்டேஷனுக்கு!"

காஸ்பர் அந்த இடது பின் சக்கரத்தையே பார்த்தபடி ஓரடி பின்வாங்கினான்.

ரெஜினா ஸ்டியரிங்கில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தாள்.

"பயப்படாம ஏறுங்க... கடைசியா முறுக்கினது நீங்க இல்ல!"