மின்விசிறிக்கு நேர் கீழே

பாப்பா நேற்றுதான் வீட்டுக்கு வந்தாள். பிறந்து முப்பத்தைந்து நாள் ஆகிறது. எடை குறைவு என்று இத்தனை நாளும் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்தார்கள். அவள் பிறந்த அன்று அம்மா இறந்துபோனார்.

சுங்குவார்சத்திரத்தில் அவர்களுடையது ஒரே அறை உள்ள வாடகை வீடு. மேலே சிமென்ட் ஷீட். மே மாத வெயிலில் அறை கொதித்தது. பாப்பாவின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. நேற்றிலிருந்து அழுதுகொண்டே இருந்தாள்.

“இவளை எங்கதான் போடுறது?” என்றார் உலகம்மாள் அத்தை. பாப்பாவைப் பார்த்துக்கொள்ளத் தென்காசியிலிருந்து வந்திருந்தார்.

“தூளி கட்டலாமா அத்தை?” என்று கேட்டாள் பாப்பாவின் அக்கா சுகப்பிரியா. அவளுக்குப் பத்து வயது.

“தூளிக்குள்ள காத்தே போகாதுட்டி. அடுப்புப் பக்கம் அனல். வாசப்பக்கம் போட்டா, கம்பெனி பஸ் ஹாரன் கேட்டு இவளும் வேலைக்குக் கிளம்பிருவா.”

சுகப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்தது. உடனே நின்றுவிட்டது.

காற்று வரும் இடம் ஒன்றுதான். மின்விசிறிக்கு நேர் கீழே. அங்கே அம்மாவின் பாயும் தலையணையும் விரித்தபடியே கிடந்தன. அப்பா அவற்றை எடுக்கவிடவில்லை. நேற்று அத்தை அந்தப் பாயைத் தொட்டபோது, “அது வேண்டாம்க்கா” என்றார். அவ்வளவுதான்.

அத்தை சொன்னபடி, இரவல் வாங்கிய வாளியைத் திருப்பிக் கொடுக்கப் பக்கத்து அறைக்குப் போனாள் சுகப்பிரியா. அங்கே கம்பெனியில் வேலை பார்க்கும் ஆறு பேர் தங்கியிருந்தார்கள். தளவாய் அண்ணன் பையைத் தோளில் மாட்டியபடி வாசலிலேயே நின்றார். நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர்.

“ஏன்ணே நிக்கிறீங்க?”

“மகாராஜா நம்பிராஜன் இன்னும் எந்திரிக்கலையே!”

“அவர் படுத்திருக்கிறது அவரோட பாயா?”

“ராத்திரி அவனுக்கு. பகல்ல எனக்கு. ஆறு பேருக்கு மூணு பாய்தான்.”

“சண்டை வராதா?”

“பாய்தான் பொது. தலையணை அவனவனுக்கு. அவன் ஷிப்டுக்குப் போனாலும் அவன் தலையணையை ஒருத்தனும் தொட மாட்டோம். அது பாட்டுக்குக் கிடக்கும்.”

சுகப்பிரியா வாளியை வாசலிலேயே வைத்தாள். பிறகு வீட்டுக்கு ஓடினாள்.

அப்பாவும் நைட் ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். கழுத்தில் அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அத்தை மடியில் பாப்பா அழுதுகொண்டிருந்தாள்.

“அப்பா, அம்மா தலையணையை யாரும் எடுக்க வேண்டாம்.”

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

“அது அம்மாவோடது. அங்கேயே இருக்கட்டும். பாய்ல மட்டும் பாப்பா படுத்துக்கட்டும். பக்கத்து ரூம் அண்ணன்லாம் அப்படித்தான் படுக்கிறாங்க. பாப்பாவுக்கு நெறைய இடம் வேணாம்ப்பா. இத்துனூண்டுதான் இருக்கா.”

அப்பா அம்மாவின் தலையணையைப் பார்த்தார். பாப்பா இன்னும் அழுதுகொண்டிருந்தாள்.

அப்பா கையை நீட்டினார். “பாப்பாவைக் குடுக்கா.”

தலையணையை விட்டுத் தள்ளி, பாயின் நடுவில் பாப்பாவைக் கிடத்தினார். காற்றுப் பட்டது. பாப்பா இரண்டு தரம் விம்மினாள். அப்புறம் அழவில்லை. அப்பா பக்கத்தில் வெறுந்தரையில் படுத்து, அவளைத் தட்டிக்கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் தட்டிய கை நின்றது.

சுகப்பிரியா எட்டிப் பார்த்தாள்.

“உங்கப்பன் உறங்கிட்டான்ட்டி,” என்று அத்தை கிசுகிசுத்தார். “இத்தனை நாளா கண்ணை மூடாதவன்.”

அடுப்பில் குக்கர் விசிலடிக்கத் தயாராகச் சீறியது. அத்தை ஓடிப்போய் அதை இறக்கி வைத்தார்.

“சோறு அப்புறமா வேகட்டும்.”