இலையைத் துப்புங்க!

"ஆ...ஆ..!"

ஹமூதின் கையிலிருந்த தண்ணீர்க் குவளை நழுவி உருண்டது.

சனா நகரம். ஆண்கள் கூடி, போதை தரும் காத் இலை மெல்லும் பிற்பகல் சபை. மற்றவர்கள் அஸர் தொழப் போயிருந்தார்கள். மிச்சமிருந்தது தேன் வியாபாரி ஹமூதும், அண்ணன் மகன் நாஜியும்.

ஹமூதின் இடது கன்னம் இலையால் உப்பியிருந்தது. வலது வாயோரம் தொங்கி, எச்சில் வழிந்தது.

"நா...ஜி... கை... வழ்ழ..."

நாஜிக்குப் புரிந்துவிட்டது. பக்கவாதம்! பிள்ளையில்லாத சித்தப்பா. போனால் தேன் கடை இவனுக்கு!

அவர் காதருகே குனிந்தான்.

"பேசாம போய்ச் சேரு சித்தப்பா. பார்க்கிறவன் இலை மயக்கம்னுதான் நினைப்பான்!"

கார் சாவியை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.

"என்னடா சத்தம்?" கதவுக்கு வெளியே ஹமூதின் மனைவி தகிய்யா.

"ஒண்ணுமில்ல சித்தி! இலை கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு!"

"அவரைப் பேசச் சொல்லு!"

"த...கி... ழ்ழா..."

கதவு படாரென்று திறந்தது!

"சித்தி! இது ஆம்பளைங்க சபை! வெக்கமில்லையா?"

"புருஷன் உயிரைவிட வெக்கம் பெருசா? தள்ளுடா!"

அவர் வாய்க்குள் விரலை விட்டாள். இலையை வழித்தெறிந்தாள். கன்னம் காலி. வாய் இன்னும் கோணல்!

"என்னங்க... சிரிங்க!"

பாதி வாய்தான் சிரித்தது.

"ரெண்டு கையையும் தூக்குங்க!"

இடது கை நின்றது. வலது கை தொப்பென்று விழுந்தது.

"யா அல்லாஹ்! நாஜி, வண்டியை எடு!"

"சாவியைக் காணோமே சித்தி... தூங்கி எழுந்தா சரியாயிடும்..."

"தூங்கினா எழுந்திருக்க மாட்டாருடா பாவி!"

சரக்!

கணவன் இடுப்பிலிருந்த ஜம்பியாக் கத்தி அவள் கையில்! பெண் ஜம்பியா உருவி நாஜி பார்த்ததே இல்லை. முனை அவன் தொண்டையில் உறுத்தியது.

"இப்பத் தேடு!"

சாவி உடனே கிடைத்தது!

ஆஸ்பத்திரி. ஸ்கேன். ஊசி. முக்காட்டு நுனியைக் கடித்தபடி அழுதுகொண்டே நின்றாள் தகிய்யா. டாக்டர் வெளியே வந்தார்.

"ரத்தக்கட்டி கரைஞ்சிடுச்சும்மா. பேச்சு திரும்புது. இன்னும் தாமதிச்சிருந்தா ரொம்பக் கஷ்டம்."

நாஜி முந்திக்கொண்டான்.

"நான்தான் டாக்டர் பறந்து வந்தேன்! பாவம், நடந்தது எதுவும் சித்தப்பாவுக்குத் தெரிஞ்சிருக்காது..."

மூவரும் உள்ளே போனதும் ஹமூத் கண் திறந்தார். நாக்கு மெல்லப் புரண்டது.

"தகிய்யா... போலீஸைக் கூப்பிடு. 'பேசாம போய்ச் சேரு'ன்னான் இவன்."

நாஜி வெளிறினான்.

"சி... சித்தப்பா! அது... உங்களுக்கு எப்படி..?"

"கோணினது வாய்தான்டா மகனே... காது இல்ல!"