வாசற்படிக்கு இப்புறம்

டால்டன் எழுந்தான். காபி போட்டான். நாய்க்குத் தீனி வைத்தான். பிறகு ஈரத்துணியால், பின்வாசற்படியிலிருந்து சமையலறை மேசைவரை நீண்டு கிடந்த சேற்றுக் கோடுகளைத் துடைத்தான்.

தினமும் அதே கோடுகள்தான். இழுபட்ட இரண்டு குதிகால்களின் தடம். டெக்சாஸில் அந்த மாதம் சொட்டு மழை இல்லை.

நாய் சமையலறைக்குள் வருவதை நிறுத்தியிருந்தது.

சுவரில் துப்பாக்கி தொங்கிய ஆணி வெறுமையாக இருந்தது. அதை ஷெரீப்பின் ஆட்கள் கொண்டுபோய்விட்டார்கள். அவன்மேல் கொலை வழக்குப் போடலாமா என்று இன்று காலை ஜூரி முடிவு செய்யும்.

திருட வந்தவன் இந்த அடுப்பருகேதான் டால்டனின் மனைவி கெண்ட்ராவைச் சுட்டான். சுட்டதும் அவனே மிரண்டு பின்வாசல் வழியாக ஓடினான். வேலியை அவன் நெருங்கியபோது டால்டன் அவன் முதுகில் சுட்டான். போலீசைக் கூப்பிடும் முன்பே மாமனார் ராய்ஸுக்குப் போன் செய்தான்.

அடுத்த பண்ணையிலிருந்து ராய்ஸ் ஓடிவந்தார். மகளின் மூச்சு அடங்கியிருந்தது. அந்த ஊரில் துப்பாக்கி வைத்திருக்கும் ஒவ்வொருவனும் தகப்பனிடம் கேட்டு வளர்ந்த யோசனையை அவரும் சொன்னார்.

"உள்ள இழுத்துப் போடுறா. உள்ள விழுந்தா நீ வீட்டுக்காரன். வெளிய விழுந்தா கொலைகாரன்."

வேலியருகே கிடந்த திருடனின் பிணத்தை ஆளுக்கொரு கையாகப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்தார்கள்.

இன்று ராய்ஸ் தன் பிக்கப் வண்டியில் வந்து இறங்கினார்.

"டையெல்லாம் கட்டியிருக்க மாப்ள! கல்யாணத்தன்னிக்கும் இப்படித்தான் வெளிறிப்போய் நின்ன." காபியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஜூரிகிட்ட சொல்லப்போறத ஒருதரம் சொல்லிப் பாரு. அவன் எங்க நின்னான்?"

"அடுப்புகிட்ட."

"எம்பொண்ணு என்ன சொல்லிக் கத்தினா? 'சுடு'ன்னுதான? வக்கீல் அதத்தான் நம்பியிருக்கார்."

டால்டன் ஈரத்துணியை மறுபடி எடுத்துப் பிழிந்தான்.

டொக்.

வாசற்படி மரத்தில் குதிகால் இடிக்கும் சத்தம்.

டொக்.

"நாயா?" என்றார் ராய்ஸ்.

"நாய் முன்வாசல்ல கெடக்கு, மாமா."

ஈரச் சேறும் வெடிமருந்தும் நாறின. காய்ந்த தரையில் இரண்டு கோடுகள் மெல்ல மெல்ல நீண்டன. மேசையடியில், ராய்ஸின் காலருகே வந்து நின்றன.

"என்னடா இது?" அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நாம அழைச்சிட்டு வந்த விருந்தாளி. அவன் பாட்டுக்குப் போயிட்டிருந்தான். நாமதான் படியத் தாண்டி உள்ள கொண்டாந்தோம். இப்ப போக மாட்டேங்குறான்."

"வீட்ட வித்துட்டு எங்கயாவது போயிடுறா."

"இது கெண்ட்ரா வீடு. போக வேண்டியவன் நான் இல்ல."

டால்டன் டையைக் கழற்றி எறிந்தான். குனிந்து, ஒன்றுமே இல்லாத இடத்தில் கைகளை நீட்டினான்.

விரல்களுக்குள் சில்லிட்ட மணிக்கட்டுகள் வந்தன.

இழுத்தான். பிணம் கனத்தது.

"ஜூரிகிட்ட உள்ளதச் சொல்லப்போறேன். வேலிகிட்ட, முதுகுல சுட்டேன்."

"பைத்தியக்காரா! ஜெயில்லயே கெழவனாயிடுவ. என்னையும் சேத்துப் புடிப்பான்!"

"புடிக்கட்டும். நாம உள்ள போவோம். இவன் வெளிய போகட்டும்."

டொக். டொக். குதிகால்கள் படியைத் தாண்டி வெளியே இறங்கின. வெயிலில் மூச்சிரைக்க, வேலிவரை இழுத்தான். அங்கே கைகள் சட்டென்று லேசாயின. புல்லில் தடம் வேலியோடு நின்றது.

அவன் திரும்பி வந்தபோது சேற்று நாற்றம் போயிருந்தது. கெண்ட்ராவின் ஆப்பிள் ஷாம்பூ மணந்தது. நாய் உள்ளே வந்திருந்தது. அடுப்பருகே வெற்றிடத்தைப் பார்த்து வாலை ஆட்டியது.

ராய்ஸ் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். "அவ 'சுடு'ன்னு கத்தவே இல்லயாடா?"

டால்டன் வாய் திறப்பதற்குள், அடுப்பருகிலிருந்து, அன்றைக்குப் போலவே மூச்சுத் திணறலோடு அவள் குரல் வந்தது.

"விட்டுடு டால்டன். அவன்தான் போறான்ல... போகட்டும். நீ எங்கிட்ட வா."