முருகைத்தீவில் வசிப்பவர்கள்

காலை ஆறு மணிக்கு முருகைத்தீவில் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு வீடுகள் தேநீர் போடும். சீனி அளவாகப் போட்டு, ஆற்றி, முன் விறாந்தை மேசையில் கொண்டுவந்து வைக்கும். பதினைந்து நிமிடம் பொறுத்து, ஒருவரும் குடிக்காத அந்தத் தேநீரை வாழை அடியில் ஊற்றிவிட்டுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்க்கும். பிறகு முற்றம் கூட்டும். ஏழு மணிக்கு, இன்றைக்கு என்ன மீன் வந்திருக்கிறது என்று கேட்டுக் கூட்டுறவுச் சங்கக்கடைக்குத் தகவல் அனுப்பும். தீவில் வாழை மட்டும் நன்றாகக் குலை தள்ளியது.

இதென்ன கூத்து என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். கூத்து ஒன்றுமில்லை, சட்டம். தீவுச்சனம் முதலில் கண்டங்களுக்குப் போனது, பிறகு நிலவுக்குப் போனது. போனதே தவிர வீட்டைக் கைவிட்டதா? மேலே உழைத்து உழைத்துக் கீழே இன்னும் பெரிதாகக் கட்டியது. கட்டிப் பூட்டியது. பூட்டுகள் கூடக் கூட மாகாண அரசுக்குப் பொறுமை போய், ஓராண்டு ஆள் புழக்கமில்லாத வளவு, வீடும் காணியும் சேர்த்து, மாகாணத்துக்குச் சொந்தம் என்று ஒரு சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தை வெல்ல வந்ததுதான் வசிப்பறிவு. சுவருக்குள் பதிக்கும் ஒரு மூளை, கூரையிலிருந்து இறங்கும் நாலு கைகள். சமைக்கும், கூட்டும், வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்.

இதை வசிப்பது என்று சொல்லலாமா என்று வழக்கு நடந்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அப்படிப்பட்ட இரண்டு வீடுகள் வேலித் தகராறு என்று ஒன்றன்மேல் ஒன்று முறைப்பாடு கொடுத்தன. நீதிபதியும் தீவுக்காரர்தான். "வேலிக்குச் சண்டை பிடிக்கிற வீட்டை ஆளில்லாத வீடு என்று எந்த வாயால் சொல்வது?" என்று கேட்டுத் தீர்ப்பை எழுதிவிட்டார். அறைக்கு ஒருவர் என்று அன்றிலிருந்து கணக்கு. மாகாணத்தின் மக்கள்தொகை இருபதாயிரத்தைத் தாண்டியது. வேலையில்லாதவர் இல்லை, குற்றம் இல்லை, ஆஸ்பத்திரியில் வரிசை இல்லை. அரிசி விற்பனை ஆண்டுக்காண்டு ஏறியது. பெருநிலத்துப் பொருளியல் அறிஞர்கள் மூன்று தடவை வந்து பார்த்து, முன்மாதிரி மாகாணம் என்று எழுதிவிட்டுப் போனார்கள். இரத்தமும் சதையுமாக அங்கே இருந்த அறுபத்து மூன்று பேரைப் பற்றி அவர்கள் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது?

அந்த அறுபத்து மூன்றில் ஒருத்தி தவமலர். வயது நாற்பத்தாறு, சங்கக்கடை மனேச்சர். உடன்பிறந்த மூவரும் நிலவில். "செத்தாலும் நான் இந்த ஊரை விட்டுப் போகன்" என்று அவள் சொன்னதை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். நாளுக்கு ஒரு தடவையாவது சொல்லுவாள். இரண்டு அறை ஓட்டு வீடு. வசிப்பறிவு கிடையாது, நாலு பனையும் ஒரு கிணறும் உண்டு. கிணற்றுத் தண்ணீர் உப்பில்லாதது. உவர்த்தண்ணீரில் முகம் கழுவி வளர்ந்த தீவில் அது சாமானியமான சொத்து இல்லை. காலையில் முதல் வாளியை இழுத்து இரண்டு கை அள்ளிக் குடித்தால்தான் அவளுக்கு அன்றைய பொழுது தொடங்கும்.

ஒரு சனிக்கிழமை வாளியோடு போனவள் அப்படியே நின்றுவிட்டாள். மேற்கு வேலி கிணற்றடிக்கு வந்திருந்தது. பச்சைக் கதியால் கம்புகள், நேற்றுத்தான் நட்டவை.

வேலிக்கு அந்தப் பக்கம் அருளானந்தசிவத்தின் வீடு. மூன்று மாடி, பத்து அறை. நிலவிலிருந்தே காணி வாங்கிக் கட்டியவர்; அவரை அவள் கண்ணால் கண்டதில்லை. அவள் வேலியருகே போய்ச் சத்தம் போட்டாள்.

"ஆர் இந்த வேலியை அரக்கினது?"

"வணக்கம்" என்றது வீடு, மரியாதையான ஆண்குரலில். "காணி உறுதிப்படி என்ர எல்லை கிணத்தடி வரைக்கும் வருது."

"என்ர கிணத்தடியோ! பொய் சொல்லிற நாக்கு அழுகிப் போகும்!"

"எனக்கு நாக்கு இல்லை."

"நான் விதானையாரிட்டப் போறன். நிண்டு பார்."

"போங்கோ. ஆனா, ஆளில்லாத வளவுக்காக ஆர் வழக்குப் பேசிறது?"

விதானையார் குகனேசன், கிராம அலுவலர், அவளைவிடப் பத்து வயது இளையவன். அவளிடம்தான் பாணும் பருப்பும் வாங்குகிறவன். அவள் சொன்னதைக் கேட்டுத் திரையைத் தட்டிப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான்.

"அக்கா, உங்கட வீடு வெறுவளவு எண்டு கிடக்கு."

"என்ன விசர்க்கதை இது? நான் உனக்கு முன்னால நிக்கிறன்!"

"நீங்கள் நிக்கிறியள். வீடு சொல்லேல்லையே. பத்து மாசமா கணக்கெடுக்கிறது வீட்டுச் சமிக்ஞையை வைச்சு. உங்கட வீட்டில இருந்து அண்டு தொட்டு ஒரு சத்தமும் இல்லை."

"அப்ப ஆக்களை எண்ணிறேல்லையோ?"

"முந்தி எண்ணினவைதான். திங்கட்கிழமை எண்ணின ஆள் செவ்வாய்க்கிழமை கப்பல் ஏறினா என்ன செய்யிறது? ஆக்களை நம்ப ஏலாது எண்டு விட்டிட்டினம். வீடு எங்கயும் போகாது."

இன்னும் இரண்டு மாதத்தில் ஓராண்டு நிறையும். வளவு மாகாணத்துக்குப் போகும். அதை வாங்குவதற்கு அருளானந்தசிவத்தின் வீடு இப்போதே விண்ணப்பம் போட்டுவிட்டது. தோட்டத்துக்கு நல்ல தண்ணீர் வேண்டுமாம். குகனேசன்தான் இதையும் சொன்னான். தவமலர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கும் ஒரு வசிப்பறிவு எடுத்துத் தா, தம்பி."

"தரலாம்தான்" என்று அவன் தலையைச் சொறிந்தான். "ஆனா அது வெளியில இருக்கிற ஆக்களுக்கு மட்டும்தான் அக்கா. ஆள் இருக்கிற வீட்டுக்கு எதுக்கு வசிப்பறிவு எண்டு கேப்பினம்."

"ஆள் இருக்கிற வீடெண்டு நீயே சொல்லிறாய்!"

"நான் சொல்லிறன். திரை சொல்லேல்லை."

வழி ஒன்றே ஒன்று இருந்தது. நிலவுக் குடியிருப்பு ஒன்றில் சமையலுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். அவள் கப்பல் ஏறுகிற அன்றே வீட்டில் மூளையைப் பொருத்துவார்கள். ஆறு மாதம் வெளியில் இருந்தால் பதிவு நிரந்தரம். அதன்பிறகு தாராளமாக வந்து தன் வீட்டில் இருக்கலாம், ஒருவரும் கேட்க முடியாது.

"ஆறே ஆறு மாசம். கண்ணை மூடித் திறக்க ஓடிப்போகும்" என்றான் குகனேசன்.

அவனை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, கடைப் பூட்டின் திறப்பை அவன் கையில் வைத்து, தவமலர் போனாள். இறங்குதுறையில் அவள் அழுத அழுகைக்கு அவனுக்கும் கண் கலங்கியது. கந்தோருக்கு வந்து திரையைப் பார்த்தான். தீவின் மக்கள்தொகை இரண்டு கூடியிருந்தது.

நிலவில் சமையற்கட்டு தரைக்குக் கீழே இருந்தது. முந்நூறு பேருக்குச் சோறு. தூங்குவதற்குச் சுவரில் பொந்து மாதிரி ஒரு பெட்டி; ஏழடி நீளம், மூன்றடி அகலம். அடுத்த பெட்டியில் மரக்கறி வெட்டுகிற ஒல்லியான மனிதர் ஒருவர், எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்கிற சுபாவம். இரண்டாம் நாள் பெயரைக் கேட்டாள். அருளானந்தசிவம்.

நாலு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்ட வேண்டும் என்று வைத்திருந்த ஆள்! ஆனால் அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "வேலி விசயம் சத்தியமா எனக்குத் தெரியாது பிள்ளை. அது தன்ர பாட்டுக்குச் செய்யுது. நான் தீவுப்பக்கம் போய்ப் பத்தொன்பது வருசம்." பிறகு ஆசையோடு படங்களை எடுத்துக் காட்டினார். பத்து அறையையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். காட்டும்போது முழங்கால் பெட்டியின் கூரையில் இடித்தது. "வாற வருசம் போயிடுவன்" என்றார். அவளுக்கு அவர்மேல் பாவமாகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய வீடு அழைக்கும். அவளுடைய குரலிலேயே பேசும். "கிணறு இறைச்சனான். தண்ணி சோதிச்சன், உப்பில்லை" என்று அது முதல் தடவை சொன்னபோது அவள் விம்மி விம்மி அழுதாள். மூன்றாம் மாதம் அவள் வீடு வேலி வழக்கில் வென்றது; கதியால்கள் பழைய இடத்துக்குப் போயின. அன்று சமையற்கட்டில் எல்லோருக்கும் பாயாசம் ஊற்றினாள், அருளானந்தசிவத்துக்கு இரண்டு கோப்பை. நாலாம் மாதம் வீடு கோயில் திருவிழாவைப் பற்றிச் சொன்னது. எல்லா வீடுகளும் மாடியில் விளக்குத் தோரணம் கட்டினவாம். நல்ல வடிவாம். தனக்கு எங்கே கட்டுவதென்று தெரியவில்லையாம். அதோடு நிறுத்திக்கொண்டது. ஐந்தாம் மாதம், கேட்காமலே, ஒரு வரைபடம் அனுப்பியது.

ஆறாம் மாதம் முடிந்த வெள்ளிக்கிழமை, குகனேசன் கடைத் திறப்போடு இறங்குதுறையில் நின்றான். கப்பலிலிருந்து நூறு மூட்டை சீமெந்து இறங்கியது. ஆள் யாரும் இறங்கவில்லை. மூட்டைகளில் தவமலர் வளவு என்று முகவரி இருந்தது. அவன் அந்த இடத்திலேயே நிலவுக்கு அழைத்தான்.

"அக்கா, என்ன நடந்தது? வருத்தம் ஏதுமோ?"

"சுகமா இருக்கிறன் தம்பி. இன்னும் ஒரு ஆறு மாசம், அவ்வளவுதான். மேல்மாடி போடுறன். மூண்டு அறை."

"மாடியோ? கிணத்துத் தண்ணி குடிக்க ஓடி வருவியள் எண்டெல்லே பாத்துக்கொண்டு நிக்கிறன்."

"தண்ணி எங்க போகப்போகுது? ஊர் முழுக்க மாடி வீடாம். எங்கட மட்டும் தட்டையா நிக்குதாம். அதுக்கும் ஒரு மரியாதை வேண்டாமே?"

"அந்த மூண்டு அறையிலயும் ஆர் அக்கா இருக்கிறது?"

நிலவுக்கும் தீவுக்கும் நடுவில் பேச்சுப் போய்வர எப்போதும் இரண்டரை விநாடி ஆகும். இந்தத் தடவை கொஞ்சம் கூட எடுத்தது.

"நான்தான்" என்றாள் தவமலர். "வந்து இருக்கத்தானே கட்டிறன்."

குகனேசன் ஓம் என்றான். கந்தோருக்குப் போய், தவமலரின் வீட்டில் வசிப்பவர்கள் ஐந்து பேர் என்று பதிந்தான். பிறகு சங்கக்கடையைத் திறக்கப் போனான். வீடுகள் மீன் கேட்டுக்கொண்டிருந்தன.